பட்டியலில் ‘பத்து’: பிக்னிக் திட்டமிட்டால் பிள்ளைகளுக்கு எழுத்து வருமா?

மரநிழல்:
இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். மூன்று வாரமாக எங்கள் தமிழ்ப் பாடவேளையில் பாதியை ஒரு பிக்னிக் தின்றுவிட்டது. எங்கே போவது என்று பிள்ளைகளே வாதாடி முடிவுசெய்தார்கள். என்னென்ன எடுத்துப்போவது என்று பட்டியல் போட்டார்கள். வீட்டில் அனுமதி கேட்டுக் கடிதமும் எழுதினார்கள். “விளையாட்டுக் காட்டுவது போதும், பாடம் எப்போது?” என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். எனக்கு இதுதான் பாடம். ஏன் என்பதற்கு ஒரு காட்சி.

விளையாட்டுச் சாமான்களின் பட்டியலை ஒரு சிறுமி எழுதினாள். மறுநாள் வேறொரு குழு அதைப் பார்த்துச் சாமான்களைச் சரிபார்க்க வேண்டும். “கயிறு, பத்து, பாய்” என்று ஒரு பையன் உரக்கப் படித்தான். “பத்து என்ன? பத்துக் கயிறா, பத்துப் பாயா?” என்று கேட்டான். எழுதியவள் எழுந்து வந்து தாளைப் பார்த்தாள். உதட்டை அசைத்து “பந்...” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு ‘த்’தை அடித்துவிட்டு, அதன் தலைக்கு மேலே இடுக்கில் ஒரு ‘ந்’ போட்டாள். இதே பிழையை அவள் நோட்டில் குறைந்தது ஐந்து முறை வட்டமிட்டிருப்பேன். அப்போதெல்லாம் அவள் பார்த்தது என் வட்டத்தை மட்டும்தான்.

சிவப்புமை:
அம்மா, தொடக்கப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கதை அழகாக இருக்கிறது. கணக்கைச் சொல்லுங்கள். மூன்று வாரத்தில் ஒரு பிள்ளை எத்தனை வாக்கியம் எழுதியது? பட்டியலில் வினைச்சொல்லே கிடையாது. அதில் எழுவாயும் பயனிலையும் எங்கிருந்து வரும்? குழுவில் ஒன்று எழுதும், மற்றவை பென்சிலைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். பள்ளி ஆய்வாளர் வந்தால் சுவரில் ஒட்டிய சார்ட்டைக் காட்டலாம். அந்தச் சார்ட்டில் எத்தனை பேருடைய கையெழுத்து இருக்கிறது?

இது புதிய சரக்கும் இல்லை. பிள்ளைகள் ஒரு வேலையைத் தாங்களே திட்டமிட்டுச் செய்து கற்பதைச் செயல்திட்ட முறை என்று அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் எழுதினார். அவருடைய குருவான டூயியே 1938இல், எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது என்று எச்சரித்தார். இன்னொன்று: எழுத்தின் வடிவம் கைக்குத் தானாக வராதவரை, பிள்ளையின் கவனம் முழுவதும் சுழியிலும் கொம்பிலும்தான் கிடக்கும். கருத்துக்கு இடம் ஏது? கையெழுத்தை முறையாகப் பயிற்றினால் எழுதுவதன் நீளமும் தரமும் கூடுகின்றன என்று சாந்தாஞ்செலோ, கிரஹாம் என்ற கல்வி ஆராய்ச்சியாளர்கள் 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். சொல்வதெழுதுதலைக் கேலி செய்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மரநிழல்:
ஐயா, சொல்வதெழுதுதலை நான் கேலி செய்யவில்லை, பாடவேளையின் மறுபாதியில் அதுதான் நடக்கிறது. பட்டியலைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்: எழுதியது குழுவுக்கு ஒருவர்தான். கடிதம் அப்படியல்ல, ஆளுக்கொன்று.

முதல் நாள் ஒரு பையன் எழுதியது இரண்டே வாக்கியம்: “நாங்கள் போகிறோம். அனுப்புங்கள்.” எங்கே, என்றைக்கு என்று எதுவும் இல்லை. நான் திருத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, “இப்போது நீதான் இவனுடைய அம்மா, படித்துவிட்டு உனக்குத் தோன்றுவதைக் கேள்” என்றேன். அந்த ‘அம்மா’ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “யாரோடு போகிறாய்? எத்தனை மணிக்குத் திரும்புவாய்? மழை வந்தால்?” என்று அடுக்கினாள். பையன் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது ஆறு வாக்கியம் இருந்தது. கடைசி வாக்கியம்: “மழை வந்தால் போக மாட்டோம், அதனால் பயப்படாதீர்கள்.” எழுவாய் பயனிலையை எண்ணிக்கொள்ளுங்கள். ‘அதனால்’ என்ற சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

இரட்டையரின் அப்பா:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் ஆசிரியர் இல்லை. எனக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒரே வகுப்பு. ஒருத்தி வாய் மூடமாட்டாள், இன்னொருத்தியை நாலு தடவை கேட்டால் ஒரு பதில் வரும். அவர்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பிக்னிக் பேச்சு நடந்தது. முதலாமவள் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் கதை சொன்னாள். இரண்டாமவளைக் கேட்டேன். “அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள்” என்றாள், அவ்வளவுதான். ‘அவர்கள்’ என்று சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பேச்சுப் பயிற்சி என்ற பெயரில், ஏற்கெனவே பேசுகிறவர்களுக்கு மேடை போட்டுக் கொடுக்கிறீர்களோ?

சிவப்புமை:
இதைத்தான் நானும் கேட்கிறேன். ‘பத்து’ என்று எழுதிய பிள்ளையை வகுப்பு சிரித்ததா இல்லையா? அதை அந்த அம்மா சொல்லவில்லை.

மரநிழல்:
சிரித்தது. இரண்டு பேர். அவளும் சிரித்தாள், ஆனால் அவள் சிரித்தது கடைசியாகத்தான். மறைக்க நினைக்கவில்லை ஐயா, எழுதும்போது விட்டுப்போயிற்று. ஒருவேளை விட்டுவிடத்தான் நினைத்தேனோ என்னவோ.

கடைசிபெஞ்சு:
நானும் ஆசிரியர்தான். அப்பாவின் கவலை நியாயமானது. ஆனால் கோளாறு பிக்னிக்கில் இல்லை, நாம் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். மூன்று நொடி என்பது வகுப்பில் எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்குக் கை பரபரக்கும், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறேன். முதலில் இருவர் இருவராகப் பேச வேண்டும், பிறகுதான் வகுப்பு முழுவதற்கும். அதிலும் தன் கருத்தைச் சொல்லக் கூடாது, பக்கத்தில் இருப்பவரின் கருத்தைச் சொல்ல வேண்டும். வாயாடிகளுக்கு இது பெரிய தண்டனை. ஆற்றங்கரையா பூங்காவா என்று ஒருமுறை இரைச்சல் ஓயவில்லை. அப்போது ஒருத்தி எழுந்து, “இவன் கேட்கிறான், அங்கே நிழல் இருக்குமா?” என்றாள். கேட்டவன் அதுவரை வகுப்பில் பேசியே நான் பார்த்ததில்லை. அதன்பிறகு ‘ஜாலியாக இருக்கும்’ என்ற ஒரே காரணத்தை வைத்துக்கொண்டு யாராலும் வாதாட முடியவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மரநிழலோடு முரண்படுகிறேன். பிக்னிக் உண்மையாக நடக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்களுடையது கற்பனைப் பிக்னிக். கடைசி நாள் பள்ளி மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். செலவும் இல்லை, அனுமதிக்காக அலையவும் வேண்டியதில்லை.

மரநிழல்:
அப்படியானால் கடிதத்தை யார் படித்தார்கள்? வராத பிக்னிக்குக் குடையை எழுத மறந்தால் யார் நனைவார்கள்?

சிவப்புமை:
இந்த ஒன்றில் மரநிழல் பக்கம் நிற்கிறேன், ஆச்சரியப்பட வேண்டாம். யாருக்கும் போய்ச் சேராத கடிதத்தை எழுத வைப்பதைவிடச் சொல்வதெழுதுதல் எவ்வளவோ மேல். அது தன்னைக் கடிதம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

கடைசிபெஞ்சு:
பிள்ளைகளுக்குக் கற்பனையும் நிஜம்தான் ஐயா. இல்லாத தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிறவர்கள் அவர்கள். போகட்டும், வேறொன்று கேட்கிறேன். பிள்ளை ‘தண்ணி’ என்று சொல்கிறது. கரும்பலகையில் அப்படியே எழுதுவீர்களா?

சிவப்புமை:
‘தண்ணீர்’. இதில் பேச்சே இல்லை.

மரநிழல்:
நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். சொன்னதைத் திருத்தி எழுதிவிட்டுப் படிக்கச் சொன்னபோது, “நான் இப்படிச் சொல்லவில்லையே டீச்சர்” என்றது ஒரு பிள்ளை. நியாயம்தானே! நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், குழந்தை கேட்கும் சொல்லையே அட்டையில் எழுதிக் கொடுத்துப் படிப்பைத் தொடங்கினார். இப்போது எங்கள் பலகையில் இரண்டு இடம் உண்டு. ஒரு முகம் வரைந்து, அதன் வாயருகே குமிழி போட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு கடித உறை வரைந்து, அதற்குள் எழுத்துத் தமிழில். ‘தண்ணி’யை உறைக்குள் போடும்போது எப்படி மாற்றுவது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். இரண்டும் வேறு என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். நாம்தான் ஒன்றைத் தப்பு என்கிறோம்.

சிவப்புமை:
குமிழி யோசனையை எடுத்துக்கொள்கிறேன், பேரனுக்கு உதவும். ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெண் இப்போது ‘பந்து’ சரியாக எழுதுகிறாளா?

மரநிழல்:
‘பந்து’ எழுதுகிறாள். ‘வந்தான்’ இன்னும் சில நாள் ‘வத்தான்’தான்.

சிவப்புமை:
அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு சொல்லைப் பிக்னிக் திருத்தியது. ‘ந்த’ வரும் மற்ற சொற்களை யார் திருத்துவது? நாளைக்கு இருபது சொல் கொடுங்கள்.

மரநிழல்:
கொடுக்கிறேன் ஐயா. போய்வந்ததைப் பற்றி அவள் எழுதிய பக்கத்தில் வந்தோம், உட்கார்ந்தோம், பகிர்ந்தோம், நனைந்தோம் என்று நிறைய இருக்கின்றன. குடையை எழுத எல்லோரும்தான் மறந்துவிட்டோம்.