டொன்சிலை எடுத்தால் எதிர்ப்புச்சக்தி குறையுமா?

வெள்ளவத்தை அம்மா:
மகனுக்கு 7 வயது. டொன்சில் இரண்டும் பெருத்து, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறது. டொக்டர் எடுக்கச் சொல்கிறார். மாமியோ, எடுத்தால் பிள்ளைக்கு எல்லா வருத்தமும் வரும் என்று பயப்படுகிறார். அந்தச் சதைக்கு உண்மையில் என்ன வேலை?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
ஏ.எல். உயிரியல் படிப்பிக்கிறேன், எனக்கு மிகப் பிடித்த பாடம் இது. டொன்சில் நிணநீரிழையம்தான், அதாவது கிருமிகளை எதிர்க்கும் கலங்கள் கூடியிருக்கும் சதை. ஆனால் அந்த வேலை அதற்கு மட்டும் இல்லை. மூக்கின் பின்னால் அடினொயிட், நாக்கின் பின்பகுதியில் இன்னொன்று, அப்புறம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டுகள் எனும் அதே இழையத் திட்டுகள். 1677இல் சுவிஸ் மருத்துவர் பேயர் விவரித்தவை அவை. திட்டின் மேலுள்ள எம் கலங்கள் குடலுக்குள் வரும் கிருமியைப் பிடித்துக் கீழே உள்ள வெண்குருதிக் கலங்களிடம் கொடுக்கும். அங்கே தூண்டப்பட்ட பி கலங்கள் என்ற ஒருவகை வெண்குருதிக் கலங்கள் இரத்தத்தில் சுற்றி, மறுபடி குடல் போன்றவற்றின் உட்புறச் சவ்வான சீதமென்சவ்வுக்கே வந்து, ஐஜிஏ என்ற பிறபொருளெதிரியை (கிருமியை எதிர்க்கும் புரதத்தை) சுரக்கும். கிருமி குடற்சுவரில் ஒட்டுவதையே அது தடுத்துவிடும். தாயின் உடலில் அந்த பி கலங்களில் சில மார்புக்கும் போகும். தாய்ப்பாலின் ஐஜிஏ அப்படி வருவதுதான், எவ்வளவு அருமையான ஏற்பாடு! நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) கிருமியும் இதே எம் கலங்கள் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது.
இத்தனை இடங்கள் மிச்சம் இருக்கும்போது மூச்சுத்தடையை விட்டுவைக்காதீர்கள் அக்கா.

தெஹிவளை தாதி:
டீச்சர் சொன்னது சரி. வீட்டுக்கு வந்தபின் இரண்டு கிழமை கவனம். வாயில் புது இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.