புதுப்பிப்பு: சிவப்பு ஃபில்டரும் நிழல் கணக்கும்

கறுப்பு வெள்ளை ஃபிலிம் பற்றிய முந்தைய இழையில், ‘நிழலை அளந்து இரண்டு ஸ்டாப் குறையுங்கள்’ என்பதோடு நிறுத்தியிருந்தேன் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும்). சிவப்பு ஃபில்டர் போட்டால் அந்தக் கணக்கு உதைக்கும்.

ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுச்சாம்பலாக்கவே பார்க்கும். பாறை நிழலில் ஷட்டர் வேகம் 1/15 நொடி காட்டினால், சொரசொரப்பு தெரியும் கருமைக்கு 1/60. 25ஆம் எண் சிவப்பு ஃபில்டர் தடுக்கும் ஒளியை ஈடுகட்ட மூன்று ஸ்டாப் கூட்டினால் 1/8. சறுக்கல் இங்கேதான்: வெட்டவெளி நிழலுக்கு வெளிச்சம் நீல வானத்திலிருந்து வருகிறது, சிவப்பு அதைத்தான் தடுக்கும். நிழல் மொத்தமும் மையாகிவிடும். இன்னொரு ஸ்டாப் கொடுத்து 1/4 வையுங்கள், முக்காலி கட்டாயம்.

1927இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். மனதில் கண்ட கரிய வானம் அதில் வராது என்று பட்டதும் அடர்சிவப்புக்கு மாறினார்.

ஃபிலிமில் முதலில் நிழலைக் கவனிக்கிறோம்; டிஜிட்டலில் இந்த வரிசை தலைகீழ்: முதலில் வெளிர்ப்பகுதியைக் காப்பாற்றுங்கள்.