டிஃபைன் எக்ஸ்எம்எல் கோப்பு: மீத்தரவா, தரவுப் பாயிரமா?

தரமணி, தரவு நிரலர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மருந்தியல் மாணவர்களுக்குத் தமிழில் நடத்தவிருக்கும் வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய தரவு), வேலிடேஷன் (தரவு விதிக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது) என்னும் இரண்டு சொற்களுக்கு மட்டும் இன்னும் தமிழ் அமையவில்லை. ஒரு மருந்தாய்வில் திரட்டிய தரவு, மருந்தாய்வுத் தரவுக்கான செந்தரங்களை (ஸ்டாண்டர்டுகளை) வகுக்கும் சிடிஸ்க் அமைப்பின் எஸ்டிடிஎம் என்னும் செந்தரப்படி அட்டவணைகளாக அடுக்கப்படுகிறது. அவற்றோடு டிஃபைன் எக்ஸ்எம்எல் என்றொரு மெட்டாடேட்டா கோப்பும் போகிறது. எந்த அட்டவணையில் எந்த மாறி (வேரியபிள்) இருக்கிறது, அது எழுத்தா எண்ணா, அதன் நீளம் என்ன, மதிப்புகள் எந்தச் சொற்பட்டியலுக்குள் அடங்க வேண்டும், நோயாளியின் படிவத்திலிருந்து வந்ததா கணக்கிட்டுப் பெற்றதா என்பதையெல்லாம் அக்கோப்புதான் சொல்கிறது. 2016 டிசம்பர் 17-க்குப் பின் தொடங்கிய ஆய்வுகளைப் புதிய மருந்துக்கான விண்ணப்பத்தோடு அளிக்கும்போது, இந்த வடிவிலேயே தரவைத் தர வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி. கோப்பைப் படித்துத் தரவைச் செந்தரத்தோடு ஒத்துப்பார்க்கும் மென்பொருளைப் பற்றியதே என் மூன்றாம் பாடம். புதன்கிழமைக்குள் சொல் வேண்டும்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தரவு என்பது 'தா' என்னும் வினையடியிற் பிறந்தது. இலத்தீன் மொழியின் டேட்டம் என்பதற்கும் 'தரப்பட்டது' என்பதே பொருள். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள், தவறில்லை. மெட்டா என்பதற்கு முன்னொட்டாக 'மீ' போதும். ஆனால் சிலர் எழுதுவதுபோல் 'மீதரவு' என்று எழுத வேண்டாம். 'மீ'யின் முன் வல்லினம் இயல்பாகவும் நிற்கலாம், மிகவும் செய்யலாம் என்று நன்னூல் உயிரீற்றுப் புணரியல் இடம் தருவதும், மீகண், மீக்கோள் என இருவகைக்கும் உரைகாரர் காட்டுத் தருவதும் உண்மையே. இருந்தாலும் மீதரவு என்பதை மீது + அரவு என்று பிரித்து, மேலே பாம்பு கிடக்கிறது என்று பொருள் கொள்ளவும் இலக்கணம் தடையாக நிற்காது. மீத்தரவு என்றே எழுதுக.

அண்ணா நகர், மென்பொருள் தமிழாக்குநர்:

ஐயா, 'மீ'யை ஏற்கெனவே அளவுக்கு மீறி வேலை வாங்கிவிட்டோம். ஹைப்பர்டெக்ஸ்ட் மீயுரை ஆயிற்று, சூப்பர் கம்ப்யூட்டர் மீத்திறன் கணினி ஆயிற்று. மெட்டாவும் இதே 'மீ' என்றால், இது தரவின் மேலுள்ளதா, அளவில் மிகுந்த தரவா என்று மாணவர் கேட்பது நியாயம். 'தரவு விவரம்' என்பதில் என்ன குறை?

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

விவரம் வடசொல் என்பது முதற்குறை. அதை விடுங்கள், நம்மிடம் இதற்கு மரபான சொல்லே இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்? ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டையும் நூலின் முகப்பில் சொல்வது சிறப்புப்பாயிரம். காலம், களம், காரணம் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். நீங்கள் சொன்ன 'எங்கிருந்து வந்தது' என்னும் குறிப்பு 'வழி' அல்லாமல் வேறென்ன? கோப்பைத் 'தரவுப் பாயிரம்' என்று அழையுங்கள்.

தரமணி, தரவு நிரலர்:

ஐயா, படித்ததும் மகிழ்ந்தேன். அலுவலகத்தில் இருவருக்குக் காட்டவும் செய்தேன். ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. பாயிரம் நூலை அறிமுகப்படுத்தும், நூலைத் திருத்தாது. இந்தக் கோப்போ அறிமுகமாகவும் அளவுகோலாகவும் ஒருசேர நிற்கிறது. பக்கவிளைவின் கடுமையைக் குறிக்கும் மாறிக்கு மைல்ட், மாடரேட், சிவியர் என்னும் மூன்று சொற்களையே செந்தரம் அனுமதிக்கிறது. அந்தப் பட்டியலை நீட்ட முடியாது. ஆய்வுக்குழு 'வெரி சிவியர்' என்று பதிந்துவிட்டு, டிஃபைன் கோப்பின் பட்டியலிலும் அதையே நான்காவதாகச் சேர்த்துவிட்டால், தரவும் கோப்பும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும்; செந்தரத்தோடு மட்டும் இரண்டுமே பொருந்தா. ஆகவே தரவைக் கோப்போடும், கோப்பைச் செந்தரத்தோடும், தரவைச் செந்தரத்தோடும் தனித்தனியே ஒத்துப்பார்க்க வேண்டியிருக்கிறது. மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது நடுவில் உள்ளதைத்தான். பாயிரம் என்று சொல்லிவிட்டால், அதில் பிழை இருக்கக்கூடும் என்றே அவர்களுக்குத் தோன்றாது.

குரோம்பேட்டை, மருத்துவ மொழிபெயர்ப்பாளர்:

நான் நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்குபவள். கிராமத்திலிருந்து வந்து சேர்ந்தவர் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும் என்பதுதான் எனக்கு ஒரே இலக்கணம். வேலிடேஷனுக்குப் பேருந்துச் சலுகை அட்டையில் உள்ள 'செல்லுபடி' எல்லோரும் அறிந்த சொல். ஆனால் அதைச் 'செல்லுபடியாக்கல்' என்று நீட்டுவதை எதிர்க்கிறேன். ஆக்கு என்பது பிறவினை. மென்பொருள் பிழையைக் காட்டுமே தவிர, செல்லாத தரவைச் செல்லுபடியானதாக ஆக்குவதில்லை. 'தரவுச் சோதனை'யும் ஆகாது. மருந்துச் சோதனை என்று ஊரே சொல்லும்போது, 'மருந்துச் சோதனைத் தரவுச் சோதனை' என்று எழுதினால் எந்தச் சோதனை எதற்கென்று படிப்பவர் தவிப்பார். 'செந்தரச் சரிபார்ப்பு' என்று வையுங்கள்.

அண்ணா நகர், மென்பொருள் தமிழாக்குநர்:

சரிபார்ப்பை வெரிஃபிகேஷனுக்கு ஒதுக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன அம்மா. மருத்துவமனைக்கே சென்று, படிவத்தில் உள்ளதை நோயாளியின் மூல ஆவணத்தோடு வைத்துப் பார்ப்பது சரிபார்ப்பு. அங்கே பதிவு உண்மையா என்பது கேள்வி. இங்கே பதிவு விதிக்குள் அடங்குகிறதா என்பது மட்டுமே கேள்வி. இரத்த அழுத்தம் 120 என்பதை 210 என்று பதிந்தால், எண்ணாகவும் உரிய நீளத்திலும் அலகோடும் இருக்கும் வரை செந்தரத்துக்கு அதில் குறையில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தந்தால் இந்த வேறுபாடு பாடத்திலேயே மறைந்துபோகும். 'ஒப்புமை காணல்' என் பரிந்துரை.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஒப்புமை உவமைக்கு உரியது. வேண்டாம்.

தரமணி, தரவு நிரலர்:

அச்சகத்தார் இன்று காலையிலேயே அழைத்துவிட்டார்கள். பெரும்பான்மையர் கருத்துப்படி மீத்தரவு, செந்தரச் சரிபார்ப்பு என்று வைத்திருக்கிறேன். நான்காம் பாடத்தில் உள்ளதை 'மூல ஆவணச் சரிபார்ப்பு' என்று முழுப்பெயராலேயே குறித்திருக்கிறேன். தரவுப் பாயிரம் முன்னுரையில் ஒரு வரியாக இடம்பெறும்.

அண்ணா நகர், மென்பொருள் தமிழாக்குநர்:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முழுப்பெயரை இரண்டாம் பக்கத்திலேயே மாணவர்கள் 'சரிபார்ப்பு' என்று சுருக்கிவிடுவார்கள். அடுத்த பதிப்புக்கு முன் இதை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.