கொள்ளு வைத்தால் ஒதுக்குகிறது, வைக்கோல் மட்டும் தின்கிறது: குதிரைக்கு வயிற்றுப் புண்ணா?

குப்பனூர்க்காரன்:
உருக்காலையில் ஓய்வு பெற்று, குப்பனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கரில் உட்கார்ந்திருக்கிறேன். மாடு பழக்கம் உண்டு, குதிரை புதிது.

ஏற்காட்டில் கோடை விழா சமயத்தில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிய ஒருவர், கூட்டம் குறைந்ததும் இரண்டு குதிரைகளைக் கட்டிய இடத்திலேயே விட்டுவிட்டார். ஒன்று செவலைப் பெண்குதிரை, இன்னொன்று மட்டக்குதிரை. மகள் பார்த்துவிட்டு வந்து சாப்பிடவே இல்லை. சரி என்று பணம் கொடுத்து, எழுதி வாங்கி, டெம்போவில் இறக்கிக் கொண்டுவந்தோம். இன்றைக்கு ஆறாம் நாள்.

மட்டக்குதிரை எது வைத்தாலும் காலி செய்கிறது. செவலைதான் கவலை. ஊறவைத்த கொள்ளு வேளைக்கு 2 கிலோ வைக்கிறேன். இரண்டு வாய் தின்றுவிட்டுப் பல்லை நறநறவென்று கடிக்கிறது, விலாவைத் திரும்பிப் பார்க்கிறது, அப்புறம் வைக்கோலுக்குப் போய்விடுகிறது. சேணத்து வார் பதியும் இடத்தில் கை வைத்தால் கடிக்க வருகிறது. நொண்டும்போதெல்லாம் வலி ஊசி போட்டு ஓட்டினார்களாம். எங்கள் ஊர் டாக்டர் வயிற்றுப் புண் என்று சந்தேகப்பட்டு ஒமிப்ரசோல் எழுதினார். “நான் மாட்டு டாக்டர், குதிரைக்காரர்களையும் ஒரு வார்த்தை கேளுங்க” என்று அவரே சொன்னார். கொள்ளைக் கூட்டவா, குறைக்கவா?

பழைய லாயம்:
ஐயா, முதலில் அந்தக் கொள்ளு மூட்டையைக் கட்டி ஓரமாக வையுங்கள். இரண்டுக்கும்தான்.

30 வருடமாக அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகிறேன். எலும்பும் தோலுமாக வாங்கி வந்தவன் பரிதாபத்தில் தானியத்தைக் கொட்டி, மூன்று நாலு நாளில் குதிரையைப் புதைத்த கதை எனக்குத் தெரியும். பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து ஒரேயடியாக இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பரஸ், மக்னீசியம் எல்லாம் சரிந்துவிடும். உங்கள் செவலை கொள்ளை ஒதுக்கியது அதற்கு நல்லதாகப் போயிற்று.

குதிரை வயிறு நம் வயிறு மாதிரி இல்லை. தின்றாலும் தின்னாவிட்டாலும் 24 மணி நேரமும் அமிலம் சுரக்கும். அதைத் தணிப்பது உமிழ்நீர், அது மெல்லும்போதுதான் ஊறும். வயிற்றின் மேல்பாதிக்கு வழவழப்பான காப்பும் கிடையாது. ஆறு மணி நேரம் வாய் சும்மா இருந்தால் புண்ணுக்கு வழி. கட்டிப்போட்டுப் பட்டினி, மேலே வலி ஊசி, இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

குதிரை மசால் என்கிற தீவனப் பயிர் கிடைக்கும்தானே? பெயரிலேயே குதிரை இருக்கிறது பாருங்கள். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அமிலத்தை மட்டுப்படுத்தும். காய்ந்த மசாலை முதல் பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறு வேளை கொடுத்து மெதுவாக ஏற்றுங்கள். கூடவே உலர்ந்த புல். 250 கிலோ எடைக்கு மொத்தமாக 5 கிலோவில் போய் நிற்க வேண்டும். சின்னக் கண் வலையில் கட்டித் தொங்கவிட்டால் ராத்திரி முழுக்க மென்றுகொண்டிருக்கும். அருகம்புல் தாராளம். பச்சைச் சோளம் வேண்டாம், குதிரைக்குச் சிறுநீர்ப்பை கெடும். மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 புல்லை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். அதில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மல்லிக்கொல்லை:
மணத்தக்காளிக் கீரை அரைத்துக் கொடுங்கள் அண்ணா. என் மாமியாருக்கு அல்சர் அதில்தான் கேட்டது.

நாமக்கல்_படிப்பு:
அக்கா, நாம் வேகவைத்துச் சாப்பிடுகிறோம். பச்சையாகக் கால்நடைக்கு அது நஞ்சாகலாம், வேண்டாம்.

ஐயா, வயிற்றுப் புண் என்று உறுதியாகச் சொல்ல 3 மீட்டர் கேமரா குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். மனிதருக்கு விடும் குழாய் எட்டாது. அதனால் சந்தேகத்தின் பேரில் மருந்து கொடுத்து மாற்றம் பார்ப்பது நடைமுறைதான். ஆனால் பல் கூர்மை, குடற்புழு, ஈ கடியால் வரும் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோய் மூன்றும் இதே மாதிரி மெலிய வைக்கும். நாமக்கல் கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒமிப்ரசோல் அளவு கிலோவுக்கு 4 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 28 நாள். காலை வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத் தீனி. கேப்ஸ்யூலைப் பிரிக்கலாம், உள்ளே இருக்கும் குருணையை நசுக்கவே கூடாது. நசுங்கினால் வயிற்று அமிலமே மருந்தைத் தின்றுவிடும். டாக்டர் எழுதிய அளவோடு ஒப்பிட்டு, அவரிடமே பேசிவிடுங்கள்.

குப்பனூர்க்காரன்:
19 நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அளவைக் காட்டியதும் டாக்டர் சிரித்துவிட்டு மாற்றி எழுதினார். 40 மில்லிகிராம் கேப்ஸ்யூல் நாளைக்கு 25. மெடிக்கல் ஷாப் பையன் “வீட்டில் எத்தனை பேருக்கு அல்சர் சார்?” என்றான்.

ரத்தத்தில் சர்ரா இல்லை. புழு இருந்தது, மருந்து கொடுத்தாயிற்று. கொள்ளை நிறுத்தியதற்கு வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாளிலிருந்து செவலை பல் கடிப்பது நின்றுவிட்டது. வார் பதியும் இடத்தைத் தேய்த்துவிட்டால் காதை மடக்குகிறது, ஆனால் கடிக்க வருவதில்லை. விலா எலும்பு இன்னும் தெரிகிறது, எண்ணத்தான் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும்.

ஒரே தொல்லை, தன் வலை தீர்ந்ததும் மட்டக்குதிரையைத் தள்ளிவிட்டு அதன் வலையில் வாய் வைக்கிறது. இரண்டையும் ஒரே கம்பத்தில் கட்டியது என் தப்பு. நாளைக்கு ஒரு கம்பம் நட வேண்டும்.