சுகர் மாத்திரை கிட்னியை காலி பண்ணுமா? அம்மா மெட்பார்மினை நிறுத்திட்டாங்க

செல்வி_திருச்சி:
அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், மெட்பார்மின் போட்டுட்டு இருந்தாங்க. குடும்ப குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு, மெட்பார்மின்ல கேன்சர் கெமிக்கல் இருக்கு அமெரிக்காவுல தடை பண்ணிட்டாங்க கிட்னியும் போயிடும் உடனே நிறுத்துங்கன்னு, அதைப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. நான் சொன்னா கேக்கவே மாட்டேங்குறாங்க. இதுல எவ்ளோ உண்மை?

வேலன்:
நிறுத்துனது நல்லதுதான் அக்கா. எங்க பெரியப்பா காலமெல்லாம் இந்த மாத்திரைய முழுங்குனாரு, கடைசில டயாலிசிஸ்ல வந்து நின்னுச்சு.

மெடிக்கல்_முருகன்:
தம்பி, பெரியப்பாவ நெனச்சா கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கிட்னிய கெடுக்கறது அடங்காத சுகரும் பிரஷரும். மெட்பார்மின் சிறுநீர் வழியா வெளிய போற மருந்து, கிட்னி ஏற்கனவே மந்தமா இருந்தா உடம்புலயே தேங்கும், அபூர்வமா ரத்தத்துல லாக்டிக் ஆசிட் ஏறி உயிருக்கே ஆபத்தாகும், அதனாலதான் ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்ளோ நல்லா வடிகட்டுதுன்னு காட்டுற அளவு, 30க்கு கீழ போனா நிறுத்துவாங்க, 30-லிருந்து 45 வரை இருந்தா புதுசா ஆரம்பிக்க மாட்டாங்க. கிட்னி கெட்டுப் போனதால மாத்திரைய நிறுத்துறாங்க, வீட்ல இருக்கறவங்களுக்கு மாத்திரையாலதான் கெட்டுச்சுன்னு தோணிடுது.

அப்புறம் அந்த கேன்சர் சமாச்சாரம். 2020 மே மாசம் அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ, மெதுவா கரையற வகை மெட்பார்மின்ல சிலதுல என்டிஎம்ஏங்கற, கேன்சர் வரவைக்கலாம்னு சொல்ற கெமிக்கல் வரம்புக்கு மேல இருக்குன்னு 5 கம்பெனிகள திரும்ப எடுக்கச் சொன்னாங்க. வரம்பு நாளைக்கு 96 நானோகிராம். மருந்துக்கே தடை போடல, வேற மாத்திரை கைக்கு வர்ற வரைக்கும் நீங்களா நிறுத்தாதீங்கன்னும் சேத்தே சொன்னாங்க. வீடியோல அது எங்க?

வேலன்:
அப்ப கெமிக்கல் இருந்தது நெசம்தானே சார்? வயாக்ஸ்னு ஒரு வலி மாத்திரை, கோடிக்கணக்கான பேர் போட்டப்புறம் 2004ல ஹார்ட் அட்டாக் ரிஸ்க்னு கம்பெனியே வாபஸ் வாங்குச்சு. 2013ல பயோகிளிட்டசோன்ங்கற இன்னொரு சுகர் மாத்திரைய நம்ம மத்திய அரசே நிறுத்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சவன் பயப்படாம என்ன பண்ணுவான்?

மெடிக்கல்_முருகன்:
பயோகிளிட்டசோன ஜூன்ல நிறுத்தி ஜூலை கடைசிலயே தடைய எடுத்துட்டாங்க, சிறுநீர்ப்பை கேன்சர் எச்சரிக்கைய அட்டைல போட்டு விக்கணும்னு. பயம் வேணாம்னு நான் சொல்லல. எந்த பேட்ச், எவ்ளோ டோஸ், யாருக்குன்னு எதுவுமே சொல்லாம எல்லாரும் நிறுத்துங்கன்னா அத நம்பாதீங்க. நெசமாவே வர்ற பக்கவிளைவ எவனும் பார்வர்ட் பண்றதில்ல, வருஷக்கணக்கா மெட்பார்மின் போட்டா சிலருக்கு பி12 குறையும், கால் மதமதன்னு ஆகும், சுகராலன்னு நெனச்சு விட்டுடுவாங்க.

கவிதா_நெல்லை:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். டாக்டர் ரெண்டு நிமிஷத்துல சீட்டெழுதி அனுப்பிடறாரு, கேள்வி கேட்டா மொறைக்கிறாரு, வாட்ஸ்அப்தான் உக்கார வச்சு பேசுற மாதிரி இருக்கு ஜனங்களுக்கு. இதுக்கு டாக்டர்களும் பதில் சொல்லியாகணும்.

மெடிக்கல்_முருகன்:
முழுசா ஒத்துக்கறேன்மா. செல்விம்மா, அம்மாவுக்கு இன்னைக்கே சுகர் பாருங்க, கிட்னிக்கு கிரியாட்டினின், ஈஜிஎஃப்ஆர், அப்புறம் பி12 மூணும் எடுத்து ரிப்போர்ட்டோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அந்த வீடியோவையும் காட்டியே கேளுங்க.

வேலன்:
டெஸ்ட் எடுக்கறதுல எனக்கும் சண்டை இல்ல. ஆனா அட்டைல இருக்கற பேட்ச் நம்பரையும் கேளுங்க அக்கா, அத மட்டும் விட்டுடாதீங்க.