கூடைப்பந்தை நிறுத்திய அமெரிக்கக் கல்லூரிகள்: பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது?

கடைசிவிசில்:
என்சிஏஏ என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான டிவிஷன் 1-ல் ஆண்கள் கூடைப்பந்து ஆடி, பிறகு நிறுத்திய கல்லூரிகளை எக்செல்லில் தொகுத்து வருகிறேன். கல்லூரி, முதல் சீசன், கடைசி சீசன் என மூன்று நெடுவரிசைதான். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1982-ல் நிறுத்தியது, ஆனால் இன்று ஆடுகிறது. ஹார்ட்ஃபோர்டும் ஆடுகிறது, ஆனால் டிவிஷன் 3-ல். செயின்ட் பிரான்சிஸ் 2023-ல் நிறுத்தியதாக ஒரு பக்கம் சொல்கிறது; 2025 மார்ச்சில் என்சிஏஏ போட்டியில் (சீசன் முடிவில் நடக்கும் பட்டப் போட்டி) ஆடியதாக இன்னொரு பக்கம். இவற்றை எப்படிப் பதிவது?

பாக்ஸ்ஸ்கோர்:
மூன்றாவதுதான் எளிது. அவை இரண்டு வெவ்வேறு கல்லூரிகள், ஒரே கான்ஃபரன்ஸில் (தமக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) இருந்ததால் வந்த குழப்பம். புரூக்ளின் செயின்ட் பிரான்சிஸ் 2023 வசந்தத்தோடு எல்லா விளையாட்டையும் கைவிட்டது. பென்சில்வேனியா செயின்ட் பிரான்சிஸ் 2025 மார்ச்சில் ஆடிய சில நாளிலேயே டிவிஷன் 3-க்கு இறங்கப்போவதாக அறிவித்தது. ஊர்ப் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

மற்ற இரண்டுக்கும் ‘எது நின்றது’ என்று ஒரு நெடுவரிசை தேவை. அணி மட்டும், விளையாட்டுத் துறை முழுவதும், கல்லூரியே, டிவிஷன் இறக்கம் என்று நான்கே விடை. இதில் ‘அணி மட்டும்’ மிக அரிது. பத்துப் பதினைந்து பேர், ஓர் அரங்கம், அதோடு என்சிஏஏ போட்டிப் பணம் கான்ஃபரன்ஸுக்கு வருவதே கூடைப்பந்தால்தான். செலவைக் குறைக்கக் கத்தி எடுக்கும் கல்லூரி இதில் கை வைப்பது கடைசியில்தான். கூடைப்பந்தை மட்டும் தனியாக நிறுத்திய பெரிய பெயர்களைப் பார்த்தால் பின்னால் பணமுடை இல்லை, ஊழல் இருக்கும். டூலேன் 1985-ல் நிறுத்தியது பாயிண்ட் ஷேவிங்கால். அதாவது சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு வெற்றி வித்தியாசத்தைக் குறைத்து ஆடுவது. லாங் ஐலண்ட் பல்கலைக்கழகமும் 1951-ல் இதனால்தான் நிறுத்தியது, ஆனால் அங்கே துறை முழுவதுமே நின்றது. சான் பிரான்சிஸ்கோவில் என்சிஏஏ விதிமீறல்கள் அடுத்தடுத்து வந்தன. 1955, 1956 என்று பில் ரஸ்ஸல் இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்த அணி அது! மூன்றுமே பின்னர் திரும்பி வந்தன. ஆகவே ‘திரும்பிய சீசன்’ என்றும் ஒரு நெடுவரிசை போடுங்கள்.

ஓவர்டைம்2:
ஆண்டு எழுதும் முறையைச் சரிசெய்யாவிட்டால் எல்லாம் ஒரு வருடம் தள்ளிப்போகும். ‘1985’ என்று எழுதாதீர்கள், ‘1984-85’ என்றே எழுதுங்கள். டூலேன் கடைசியாக ஆடியது 1984-85, திரும்பியது 1989-90. நடுவில் ஆடாதது நான்கு சீசன். வெறும் ஆண்டுகளைக் கழித்தால் ஐந்து என்று வரும்.

அறிவித்த தேதி வேறு, கடைசி சீசன் வேறு. ஹார்ட்ஃபோர்டு 2021 மார்ச்சில் என்சிஏஏ போட்டிக்குப் போய், அந்த முறை பட்டம் வென்ற பேய்லரிடம் தோற்றது. மே மாதமே இறக்கத்தை அறிவித்துவிட்டது. ஆனாலும் டிவிஷன் 1-ல் 2022-23 வரை ஆடியது.

சீசன் இடைவெளியை ஃபார்முலா போட்டுத் தேடினால் தப்பான பெயர்களும் வந்து விழும். கென்டக்கி 1952-53 ஆடவில்லை, தென்மேற்கு லூசியானா 1973 முதல் 1975 வரை இரண்டு சீசன் ஆடவில்லை. இரண்டும் என்சிஏஏ தண்டனை, கல்லூரியின் முடிவு இல்லை. ஐவி லீக்கின் எட்டுக் கல்லூரிகளும் 2020-21-ல் ஆடாதது கோவிட்டால். 1943-44-ல் பல அணிகள் ஆடாததற்குக் காரணம் போர். இவற்றைத் தனித் தாளில் வைத்துவிடுங்கள்.

கடைசிவிசில்:
நன்றி, அறிவித்த தேதியையும் சேர்த்து நெடுவரிசை ஆறாகிவிட்டது. பர்மிங்ஹாம்-சதர்ன் மட்டும் இரண்டு முறை வருகிறது. 2006-ல் இறக்கம், 2024-ல் கல்லூரியே மூடல். இரண்டு வரியா?

பாக்ஸ்ஸ்கோர்:
உங்கள் தாள் டிவிஷன் 1-க்கானது. அதனால் ஒரே வரி, கடைசி சீசன் 2005-06, காரணம் இறக்கம். மூடியதைக் குறிப்பில் எழுதினால் போதும். (கல்லூரி மூடிய பிறகும் அதன் பேஸ்பால் அணி டிவிஷன் 3 உலகத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது, அது தனிக் கூத்து.) சியாட்டில் பல்கலைக்கழகத்துக்கும் இதே முறைதான். 1958 இறுதிப் போட்டி வரை போன அணி, 1980-ல் இறங்கி, 2008-09-ல் மீண்டும் டிவிஷன் 1 அட்டவணைக்கு வந்தது.

ஓவர்டைம்2:
பெயர் மாற்றத்தையும் பாருங்கள். ஐயுபியுஐ என்ற பெயர் 2024-ல் போனது, அணி போகவில்லை. ஐயு இண்டியானாபொலிஸ் என்று தொடர்கிறது. லாங் ஐலண்டில் நேர்மாறு. 2019-ல் புரூக்ளின், போஸ்ட் என்ற இரு வளாக அணிகளை ஒன்றாக்கினார்கள். போஸ்ட் டிவிஷன் 2-ல் இருந்ததால் உங்கள் தாளில் வராது.

சான் டியாகோவின் யுஎஸ் இன்டர்நேஷனலை விட்டுவிடாதீர்கள். திவாலாகி 1991-ல் விளையாட்டையே நிறுத்திய கல்லூரி. அந்தப் பெயரும் இன்று இல்லை என்பதால் பலர் தவறவிடுகிறார்கள். அந்தக் கடைசி சீசனில், 1991 ஜனவரி 5 அன்று லயோலா மேரிமவுன்ட்டுக்கு எதிராகக் கெவின் பிராட்ஷா தனியாளாக 72 புள்ளி அடித்தார். டிவிஷன் 1 அணிக்கு எதிராக அதுவரை சாதனையாக இருந்த பீட் மாராவிச்சின் 69-ஐத் தாண்டிய ஆட்டம். அப்படியும் 186-140 என்று தோல்வி. ‘எது நின்றது’ நெடுவரிசையில் அதற்கு ‘துறை முழுவதும்’ என்று போடுங்கள்.