ஆறு வயது மகளுக்கு பார்பி: கொடுக்கலாமா?

தேன்மொழி:
மகளின் பிறந்தநாளுக்கு நாத்தனார் பார்பி வாங்கி வந்திருக்கிறார். பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருக்கிறேன். "பொம்மைதானே, இதில் என்ன இருக்கு?" என்கிறார் கணவர். ஆனால் இவள் இப்போதே கண்ணாடி முன் நின்று வயிற்றை எக்கிப் பார்க்கிறாள். நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்?

கணக்கு டீச்சர்:
உங்கள் பயம் வீண் இல்லை, தேன்மொழி. 1965-இல் அமெரிக்காவில் விற்ற 'ஸ்லம்பர் பார்ட்டி' பார்பியோடு ஒரு குட்டி எடை மெஷின் வந்தது. அது எப்போதும் 110 பவுண்டுதான் காட்டும், அதாவது சுமார் 50 கிலோ. கூடவே எடை குறைப்பது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகம். அதன் பின்னட்டையில் இருந்த அறிவுரை: "சாப்பிடாதே!" வளர்ந்தவர்கள் உட்கார்ந்து யோசித்து, அச்சடித்து, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

1992-இல் பேசும் பார்பி. மொத்தம் 270 வாக்கியங்கள், ஒரு பொம்மைக்கு நான்கு. அவற்றில் ஒன்று, "கணக்கு வகுப்பு ரொம்பக் கஷ்டம்!" அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் கண்டித்த பிறகுதான் பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் அதை நீக்கியது. நான் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தப்பாகப் போட்ட பையன் "கவனிக்கலை மிஸ்" என்பான். பெண் பிள்ளை "எனக்குக் கணக்கே வராது மிஸ்" என்று முடிவே கட்டிவிடுவாள். இதைப் பொம்மை வேறு சொல்லித்தர வேண்டுமா?

கயல்:
டீச்சர், மறுபக்கமும் இருக்கிறதே. 1959-இல் மேட்டலைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரூத் ஹேண்ட்லர் பார்பியைக் கொண்டுவரும்வரை அங்கே சிறுமிகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கைக்குழந்தை பொம்மைகள். தாலாட்டு, பாலூட்டு, அவ்வளவுதான் விளையாட்டு. தன் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளைப் பெரிய பெண்களாக வைத்து விளையாடியதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனையே வந்தது. நிலவில் மனிதன் கால் வைப்பதற்கு நான்கு வருடம் முன்பே, 1965-இல், பார்பி விண்வெளி உடை போட்டுவிட்டாள்!

கணக்கு டீச்சர்:
எடை மெஷின் வந்ததும் அதே 1965 தான், கயல். விண்வெளிக்குப் போ, ஆனால் 50 கிலோவைத் தாண்டாதே! என் கோபமே அதுதான். பார்பியின் வேலையை மாற்றிக்கொண்டே வந்தவர்கள் அவள் உடம்பை மட்டும் 2016 வரை பெரிதாக மாற்றவில்லை. அப்போதுதான் சதைப்பிடிப்பான, உயரமான, குட்டையான பார்பிகள் வந்தன. படப் புத்தகத்தில் பார்பியைப் பார்த்த 5 முதல் 8 வயதுச் சிறுமிகளுக்குத் தங்கள் உடம்பின் மீது அதிருப்தி கூடியதாக 2006-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது.

தேன்மொழி, பொம்மையைக் கொடுங்கள். ஒளித்தால் ஆசைதான் கூடும். பக்கத்தில் உட்கார்ந்து, "இவளுக்கு என்ன வேலை, இன்றைக்கு எங்கே போகிறாள்?" என்று கேளுங்கள். குழந்தை காதுபட யாரும் "குண்டாயிட்டேன்", "டயட்" என்று பேசவேண்டாம். நாத்தனாரிடமும் சொல்லிவையுங்கள்.

தேன்மொழி:
இன்று சாயங்காலம் பிரிக்கிறோம், டீச்சர். நாத்தனாரையும் கூப்பிட்டிருக்கிறேன்.